யாருக்குத் திறந்த பூங்கா? வியன்னாவின் ஔகார்ட்டன்

வியன்னாவுக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் ஷோன்புருன் அரண்மனைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு திரும்பிவிடுவார்கள். டான்யூப் கால்வாயைத் தாண்டி, இரண்டாம் மாவட்டமான லியோபோல்ட்ஸ்டாட்டுக்குள் ஔகார்ட்டனைத் தேடி வருபவர்கள் குறைவு. டாபோர்ஸ்ட்ராஸெ மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் சிறிது தூரம் நடந்தால் போதும். நீண்ட மதில், கல் வளைவு வாயில், உள்ளே சுமார் 52 ஹெக்டேர் பரப்பு. கட்டணம் கிடையாது. இருட்டும்போது கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். காலையில் மறுபடி திறப்பார்கள்.

உள்ளே நடக்கத் தொடங்கியதும் இரண்டு காலங்கள் ஒன்றோடொன்று மோதுவது தெரியும். நேர்கோட்டில் ஓடும் நடைபாதைகளின் இருபுறமும் மரங்களைச் செங்குத்தாக வெட்டிவிட்டிருக்கிறார்கள். கிளைகள் பாதைக்கு மேல் நீளாமல், தளிரும் இலையுமாகச் சுவர் எழுப்பியதுபோல் நிற்கின்றன. பிரெஞ்சுப் பாணித் தோட்டக்கலையின் பழைய உத்தி இது: கண்ணைப் பக்கவாட்டில் அலையவிடாமல் தொலைவில் ஒரு புள்ளிக்கு இழுத்துப்போவது. ஔகார்ட்டனில் அப்படி இழுத்துப்போகப்படும் கண் பல இடங்களில் போய் முட்டுவது நீரூற்றிலோ சிலையிலோ இல்லை, ஏறத்தாழ 55 மீட்டர் உயரமுள்ள சாம்பல் நிறக் கான்கிரீட் கோபுரத்தில். நாஜி ஆட்சி கட்டிய விமான எதிர்ப்புக் கோபுரம் அது.

வழிகாட்டி நூல்கள் தோட்டத்தை அழகின் கணக்கிலும் கோபுரத்தைப் போரின் கணக்கிலும் தனித்தனியாக எழுதிவைக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த இடம் புரியும் என்பது இக்கட்டுரையின் வாதம். பொதுப் பூங்காவுக்குள் யார் நுழையலாம், அதைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்விக்கு, முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெவ்வேறு அதிகாரங்கள் தந்த பதில்கள் ஒரே மதிலுக்குள் பதிவாகியிருக்கின்றன.

பேரரசரின் தோட்டம், வெளியேற்றப்பட்டவர்களின் ஊர்

ஔகார்ட்டன் இருக்கும் நிலம் ஒருகாலத்தில் டான்யூபின் கிளைகளுக்கு நடுவே கிடந்த வெள்ளச் சமவெளி. காடும் சதுப்புமாக இருந்த அங்கே 1614இல் பேரரசர் மத்தியாஸ் ஒரு சிறு வேட்டை மாளிகை கட்டினார். பின்னர் மூன்றாம் ஃபெர்டினாண்ட் அதைத் தோட்டமாக்கினார். அவர் மகன் முதலாம் லியோபோல்ட் அருகிலிருந்த பிரபுக் குடும்பத்தின் தோட்டத்தையும் வாங்கிச் சேர்த்து, அரண்மனையும் பூஞ்செடிப் பாத்திகளுமாக விரிவாக்கினார்.

இதே லியோபோல்டின் பெயரைத்தான் மாவட்டம் இன்றும் சுமக்கிறது. அந்தப் பெயர் வந்த கதை இனிமையானதல்ல. 1624 முதல் அப்பகுதியில் வியன்னாவின் யூதக் குடியிருப்பு இருந்தது. 1670இல் லியோபோல்ட் அங்கிருந்த யூதர்கள் அனைவரையும் ஊரைவிட்டு வெளியேற்றினார். தொழுகைக்கூடம் இருந்த இடத்தில் புனித லியோபோல்ட் தேவாலயம் எழுந்தது. குடியிருப்புக்குப் பேரரசர் லியோபோல்டின் பெயர் சூட்டப்பட்டது. ஒருபுறம் அரச குடும்பம் உலாவத் தோட்டம் விரிந்தது, மறுபுறம் அக்கம்பக்கத்து மக்கள் துரத்தப்பட்டனர். இரண்டையும் செய்தது ஒரே ஆட்சி.

1683இல் ஒட்டோமான் படை வியன்னாவை முற்றுகையிட்டபோது அரண்மனையும் தோட்டமும் அழிந்தன. முதலாம் ஜோசப் காலத்தில், 1705இல், புதிய தோட்ட மண்டபம் எழுந்தது. இன்று பீங்கான் தொழிற்சாலை இயங்குவது அந்தக் கட்டடத்தில்தான். 1712இல் ஆறாம் கார்லுக்காகத் தோட்டத்தைப் புதிதாக வகுத்தவர் ழான் ட்ரெஹெ என்ற பிரெஞ்சுக்காரர். இன்று நாம் நடக்கும் பாதைகளின் எலும்புக்கூடு அவர் போட்டது.

நிழல் தரும் மரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஐரோப்பியப் பூங்கா என்றதும் நினைவுக்கு வரும் குதிரைச் செஸ்ட்நட் மரம் வியன்னாவின் சொந்த மரமன்று. கான்ஸ்டான்டினோபிளில் இருந்த பேரரசின் தூதர் வழியாக வந்த விதையைத் தாவரவியலாளர் குளூசியஸ் 1576இல் வியன்னாவில் முளைக்கவைத்தார். தோட்டத்தை அழித்த படை எந்தப் பேரரசுடையதோ, அதன் தலைநகர் வழியாக வந்த மரம்தான் பிற்பாடு தோட்டத்துக்கு நிழல் தந்தது.

1775: வாயிலில் ஒரு வாசகம்

பேரரசி மரியா தெரேசாவின் மகன் இரண்டாம் ஜோசப், தாயோடு இணைந்து ஆண்ட காலத்திலேயே அரச வேட்டைக்காடான பிராட்டரை 1766இல் மக்களுக்குத் திறந்துவிட்டார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1775இல், ஔகார்ட்டனின் கதவும் திறந்தது. கட்டடக் கலைஞர் இசிடோர் கனெவாலெ வடிவமைத்த வாயிலின் மேல் ஒரு வாசகம் பொறிக்கப்பட்டது. எல்லா மனிதருக்குமான இன்பப் பொழுதுபோக்கு இடமாக இதை, அவர்களை மதிக்கும் ஒருவர் அர்ப்பணிக்கிறார் என்பது அதன் பொருள். பெயர் இல்லை, பட்டம் இல்லை. அரசர் தன்னை மக்களை மதிப்பவராக மட்டுமே அறிமுகம் செய்துகொள்கிறார்.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் இப்படி எழுதியது சிறிய காரியமில்லை. மியூனிக்கின் புகழ்பெற்ற ஆங்கிலத் தோட்டத்துக்கான ஆணை பிறந்ததே 1789 ஆகஸ்டில்தான். உயர்குடியினர் முணுமுணுத்தார்கள். தங்களுக்குச் சமமானவர்களோடு மட்டும் உலாவ இனி இடமில்லையே என்று ஒருவர் குறைப்பட்டபோது, "எனக்குச் சமமானவர்களோடு மட்டும்தான் பழகுவேன் என்றால், என் முன்னோர் புதைந்திருக்கும் கப்புச்சின் கல்லறையில்தான் நான் உலாவ வேண்டும்" என்று ஜோசப் பதில் சொன்னதாக ஒரு கதை வியன்னாவில் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. கதை உண்மையோ ஒட்டவைத்ததோ, அவர் நடந்துகொண்ட விதத்துக்குப் பொருந்துகிறது. 1781இல் அதே கனெவாலெயைக் கொண்டு பூங்காவுக்குள் தனக்கென ஓர் எளிய வீடு கட்டிக்கொண்டார். கோடையில், உலாவ வரும் கூட்டத்துக்கு நடுவே அங்கே தங்கினார்.

இதை நல்லெண்ணம் என்று மட்டும் வாசிப்பதும் போதாது, தந்திரம் என்று ஒதுக்குவதும் தவறு. ஜோசப் மடங்களை மூடினார், பொது மருத்துவமனை கட்டினார், இறந்தவரைப் புதைப்பது எப்படி என்பதற்கும் விதி வகுத்தார். மக்களின் உடல்நலமும் ஒழுங்கும் அரசின் வேலை என்று நம்பிய ஆட்சியின் ஒரு கிளை இந்தப் பூங்கா. நல்ல காற்று வாங்கி, நாகரிகமாக நடந்து, ஒருவரையொருவர் பார்த்துப் பழகும் குடிகள் வேண்டும் என்பது திட்டம். ஆனால் திட்டம் போட்டவரும் கொடுத்தவரும் ஒருவரே. பெற்றுக்கொண்டவர்களுக்கு அதில் உரிமை எதுவும் எழுதிவைக்கப்படவில்லை. கதவைத் திறந்தவர் மனம் மாறினால் மூடலாம்.

திறந்த பூங்காவில் உணவு விடுதி வந்தது, இசை வந்தது. 1782 மே 26 அன்று காலைக் கச்சேரி வரிசையின் முதல் நிகழ்ச்சியில் மோட்ஸார்ட் வாசித்தார். 1803 மே 24 காலையில் பேத்தோவனின் புகழ்பெற்ற வயலின் சொனாட்டா முதன்முதலாக ஒலித்ததும் இங்கேதான். மை உலரும் முன்பே அரங்கேறியது என்று சொல்லத்தக்க அவசரம்; பேத்தோவன் பியானோவில் அமர, வயலின் வாசித்தவர் ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த ஜார்ஜ் பிரிட்ஜ்டவர். பிறகு இருவருக்கும் மனக்கசப்பு ஏற்பட, பேத்தோவன் படைப்பை க்ராய்ட்ஸர் என்பவருக்குக் காணிக்கையாக்கிவிட்டார். அந்த க்ராய்ட்ஸரின் பெயரால்தான் உலகம் இன்று அதை அறிகிறது. பூங்காவில் அன்று வயலின் ஏந்தி நின்றவரைத் தெரிந்தவர்கள் சிலரே.

1782: சட்டம் காட்டிக்கொடுத்த விலக்கு

வாசகம் சொன்ன "எல்லா மனிதர்" என்பதன் எல்லை எது? இதற்கான சான்று பூங்காவில் இல்லை. வேறொரு ஆவணத்தில் கிடைக்கிறது.

1780இல் மரியா தெரேசா இறந்தார். யூதர்கள்மீது தன் வெறுப்பை மறைத்துக்கொள்ளாத ஆட்சியாளர் அவர். 1740களில் பிராகா நகர யூதர்களை வெளியேற்ற ஆணையிட்டவர். தாய் மறைந்தபின் தனித்து ஆண்ட ஜோசப் 1782 ஜனவரி 2 அன்று வியன்னா, கீழ் ஆஸ்திரிய யூதர்களுக்கான சகிப்பாணையை வெளியிட்டார். யூதர்கள் தொழில் கற்கலாம், பிள்ளைகளைப் பொதுப்பள்ளிக்கு அனுப்பலாம் என்றெல்லாம் சொன்ன அந்த ஆணை, அதுவரை இருந்த இழிவான கட்டுப்பாடுகள் சிலவற்றையும் பெயர் சொல்லி நீக்கியது. தாடி வைத்தே ஆக வேண்டும் என்பது ஒன்று. ஞாயிற்றுக்கிழமையிலும் திருநாள்களிலும் நண்பகலுக்கு முன் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்பது இன்னொன்று. பொது உல்லாச இடங்களுக்குப் போகக்கூடாது என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது.

பிராட்டரின் கதவு திறந்து பதினாறு ஆண்டுகளும் ஔகார்ட்டனின் கதவு திறந்து ஏழு ஆண்டுகளும் ஆன பிறகு இந்த விலக்கு நீங்குகிறது. அதாவது, கல்லில் எல்லோரையும் வரவேற்ற அதே ஆட்சியில், சட்டப்புத்தகம் ஒரு சமூகத்தை மட்டும் வாசலிலேயே நிறுத்தியிருந்தது. முரண் என்று அன்று யாருக்கும் தோன்றியிருக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்துப் பேச்சில் மனிதர் எல்லோரும் என்றால் கிறிஸ்தவக் குடிகள் எல்லோரும் என்று புரிந்துகொள்வது இயல்பாக இருந்திருக்கும். ஜோசப்பின் பெருமை, வாசகத்தை எழுதியதைவிட, தாய் விட்டுப்போன சட்டத்தை அந்த வாசகத்தின் பக்கம் கொஞ்சம் நகர்த்தியதில்தான் இருக்கிறது. கொஞ்சம் என்றுதான் சொல்ல வேண்டும். வெளிப்படையான தொழுகைக்கூடமோ அங்கீகரிக்கப்பட்ட சமூக அமைப்போ வைத்துக்கொள்ள அந்த ஆணையும் வியன்னா யூதர்களை அனுமதிக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்சி மாறியது. 1830 மார்ச்சில் பனிக்கட்டி அடைத்து டான்யூப் பொங்கியபோது மாவட்டமே மூழ்கியது, தோட்டமும் சீரழிந்தது. 1870களில் ஆற்றை நேர்ப்படுத்திக் கரை கட்டியபின் அப்பகுதி நெரிசலான நகரமானது. கலீசியா, மொராவியா, ஹங்கேரி முதலிய பேரரசின் பகுதிகளிலிருந்து யூதக் குடும்பங்கள் ரயிலேறி வந்து, ரயில் நிலையங்களுக்குப் பக்கத்திலேயே குடியேறின. 1923இல் வியன்னாவில் சுமார் 2 லட்சம் யூதர்கள். லியோபோல்ட்ஸ்டாட் மாவட்டத்தில் மூவரில் ஒருவருக்கும் மேல். பண்டிகை ரொட்டியான மாட்ஸாவின் பெயரால் நகரத்தார் அதை "மாட்ஸா தீவு" என்றே அழைத்தார்கள். இதற்கிடையே 1918இல் பேரரசு சரிந்து, அரச தோட்டங்கள் குடியரசின் உடைமையாயின. முற்றமில்லாத அடுக்கு வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஔகார்ட்டன்தான் முற்றம். யாரை வெளியேற்றி லியோபோல்டின் பெயர் வந்ததோ, அவர்களின் சமூகத்துப் பிள்ளைகள் அவருடைய தோட்டத்தில் பந்து விளையாடினார்கள். கொடை மெல்ல மெல்லப் பழக்கமாகி, பழக்கம் உரிமைபோலத் தோன்றத் தொடங்கிய காலம் அது.

1938: ஓர் அறிவிப்புப் பலகை போதுமானதாயிற்று

அந்தத் தோற்றம் எவ்வளவு மெல்லியது என்பதை 1938 காட்டியது. மார்ச்சில் நாஜி ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. முதல் நாள்களிலேயே யூதர்களைத் தெருவில் மண்டியிடவைத்து நடைபாதையைத் துடைக்கச் சொல்லிக் கூட்டம் வேடிக்கை பார்த்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நகரின் பூங்காக்களும் பெஞ்சுகளும் யூதர்களுக்கு விலக்கப்பட்டன. புதிதாக மதில் கட்ட வேண்டியிருக்கவில்லை. மதில் ஏற்கெனவே இருந்தது. வாயிலின் பழைய வாசகத்தை அழிக்கவும் தேவைப்படவில்லை. நிர்வாக உத்தரவு ஒன்றும் அறிவிப்புப் பலகை ஒன்றும் வேலையை முடித்துவிட்டன.

அடுத்து நடந்தது பூங்காவுக்குச் சற்றுத் தள்ளி. ஔகார்ட்டனுக்கு அருகே உள்ள காஸ்டெல்லெட்ஸ்காசெ தெருவிலும், அதே மாவட்டத்தின் வேறு தெருக்களிலும் இருந்த பள்ளிக்கட்டடங்கள் யூதர்களை அடைத்துவைக்கும் திரட்டுமுகாம்களாயின. அங்கிருந்து வண்டிகளில் ஏற்றி ஆஸ்பாங் ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். 1941 பிப்ரவரி முதல் 1942 அக்டோபர் வரை அந்த ஒரு நிலையத்திலிருந்து சுமார் 45,000 பேர் நாடுகடத்தப்பட்டனர். திரும்பியவர்கள் மிகச் சிலர். பூங்காவைவிட்டு விலக்கியதற்கும் ஊரைவிட்டே அகற்றியதற்கும் இடையே நான்காண்டுகூட இல்லை. பெஞ்சில் உட்காராதே என்று சொல்வது அற்பமான அவமதிப்பாகத் தெரியலாம். பக்கத்து வீட்டுக்காரரை இனிக் கண்ணில் படாதவராக ஆக்கும் பயிற்சி அதில்தான் தொடங்கியது.

மக்கள் போன இடத்தில் கான்கிரீட் வந்தது. வியன்னாவைக் காக்க மூன்று ஜோடி விமான எதிர்ப்புக் கோபுரங்கள் எழுந்தன; அவற்றில் ஒரு ஜோடி ஔகார்ட்டனுக்குள். வடிவமைத்தவர் ஃப்ரீட்ரிஷ் டாம்ஸ். ஒரு கோபுரத்தின் உச்சியில் பீரங்கிகள். மற்றொன்று எதிரி விமானங்களைக் கண்டறிந்து குறி சொல்லும் கட்டளைக் கோபுரம். கட்டும் வேலையில் அயல்நாட்டுக் கட்டாயத் தொழிலாளர்களும் போர்க்கைதிகளும் ஈடுபடுத்தப்பட்டனர். வெற்றிக்குப் பிறகு கோபுரங்களுக்குச் சலவைக்கல் பதித்து, இறந்த ஜெர்மானிய வீரர்களின் பெயர்களைப் பொறித்து நினைவுச்சின்னமாக்குவது டாம்ஸின் கனவு. சலவைக்கல் வரவில்லை, நிர்வாணக் கான்கிரீட் மிஞ்சியது.

பீரங்கிக் கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், பலகை அடைத்துக் கான்கிரீட் ஊற்றிய தடம் இன்றும் வரிவரியாகத் தெரியும். உச்சிக்குக் கீழே சிறு பீரங்கிகளுக்கான மேடைகள் சுற்றிலும் துருத்திக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தகைவிலான் குருவியின் கூடுகள் என்று சொல்வார்கள். சுவர் இரண்டு மீட்டருக்கும் மேல் தடிமன். போருக்குப் பின் உள்ளே எஞ்சியிருந்த வெடிபொருள் வெடித்ததில் உட்தளங்கள் சிதைந்தன. விரிசல்கள் மேலும் திறந்துவிடாமல் எஃகு வடங்களால் மேற்பகுதியை இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். இடித்துத் தள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். அத்தனை தடிமனான கான்கிரீட்டைத் தகர்க்கும் அளவு வெடிவைத்தால் சுற்றியுள்ள குடியிருப்புகள் தாங்காது. இன்று அவை பாதுகாக்கப்பட்ட சின்னங்கள்.

தடையில்லாமலும் சுருங்கும் பூங்கா

இன்றைய ஔகார்ட்டனில் ஜாதி, மதம் கேட்டு யாரையும் நிறுத்துவதில்லை. மாலையில் போனால் ஓடுபவர்கள், குழந்தை வண்டி தள்ளுபவர்கள், நாய்களோடு வருபவர்கள், பல மொழி பேசும் குடும்பங்கள் எல்லாரையும் பார்க்கலாம். 1999இல் பூங்காவின் ஓரத்தில் ஒரு யூதக் கல்வி வளாகம் திறக்கப்பட்டது. கருப்புத் தொப்பி அணிந்த சிறுவர்கள் மறுபடி அந்தச் சாலைகளில் நடக்கிறார்கள்.

ஆனால் பொதுவெளி தடையால் மட்டும் குறைவதில்லை, பங்கு பிரிப்பதாலும் குறைகிறது. மதிலுக்குள் இன்று பல நிறுவனங்கள் இருக்கின்றன. 1718இல் தொடங்கி, 1864இல் மூடப்பட்டு, 1923இல் மறுபிறவி எடுத்த வியன்னா பீங்கான் தொழிற்சாலை ஒன்று. 1948 முதல் ஔகார்ட்டன் அரண்மனையில் தங்கிப் பாடும் வியன்னா சிறுவர் இசைக்குழு இன்னொன்று. திரைப்பட ஆவணக் காப்பகமும் இங்கே இடம் பிடித்திருக்கிறது. ஒவ்வொன்றும் மதிப்புமிக்கதே. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வேலியையும் கொண்டுவந்தது.

இந்தக் கணக்கு வழக்கான இடம் பூங்காவின் முனை. சிறுவர் இசைக்குழுவுக்கென்று சொந்த அரங்கம் இல்லாத குறையைத் தீர்க்க, தனியார் கொடையின் துணையோடு அங்கே சுமார் 400 இருக்கைகள் கொண்ட அரங்கம் கட்டத் திட்டமிடப்பட்டது. குடியிருப்போரும் பாரம்பரிய ஆர்வலரும் எதிர்த்தனர், சிலர் இடத்தை ஆக்கிரமித்து உட்கார்ந்தனர், காவல்துறை அப்புறப்படுத்தியது. 2012 டிசம்பரில் அரங்கம் திறந்தது. ஆதரித்தவர்களின் வாதம் எளிது: பூங்காவின் பரப்பில் இது சிறு துண்டு, நகரத்துக்கோ உலகப் புகழ்பெற்ற இசை. எதிர்த்தவர்களின் வாதமும் எளிது: பொதுச்சொத்திலிருந்து துண்டு எடுக்கும்போதெல்லாம் அது சிறிதாகத்தான் இருக்கும், எடுத்த எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பவர் யார்?

எதிர்த்தவர்கள் தோற்றார்கள். ஆனாலும் 1775க்குப் பின் நடந்த மிக முக்கியமான மாற்றம் அந்தத் தோல்வியில் தெரிகிறது என்பேன். ஜோசப் கொடுத்தபோது வாங்கிக்கொண்டவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. 1938இல் பறித்தபோது அக்கம்பக்கத்தார் பெரும்பாலும் வாய்மூடி இருந்தார்கள், அல்லது கைதட்டினார்கள். இருபத்தொன்றாம் நூற்றாண்டில் ஒரு மூலையளவு நிலத்துக்காக, அந்நிலத்தில் பட்டாவோ பத்திரமோ இல்லாதவர்கள், அது தங்களுடையது என்று சொல்லி வழிமறித்தார்கள். பூங்காவைப் பொதுவாக்குவது அரசரின் வாசகத்தைவிட இந்த உரிமை கோரல்தான்.

ஔகார்ட்டனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. பீங்கான் அருங்காட்சியகத்தையும் பூம்பாத்திகளையும் பார்த்துவிட்டு, வெளியே வந்து மதிலை ஒட்டிய தெருக்களிலும் நடந்துவிட்டு வாருங்கள். நாடுகடத்தப்பட்டவர்களின் பெயர் தாங்கிய நினைவுக் கற்கள் அந்த மாவட்டத்து நடைபாதைகளில் பல இடங்களில் பதிக்கப்பட்டிருக்கின்றன. தோட்டத்தின் வரலாறு மதிலோடு முடியவில்லை என்பதற்கு அவை சாட்சி. ஒரு நகரத்தின் பூங்கா எவ்வளவு பொதுவானது என்று அறிய அது திறக்கப்பட்ட ஆண்டைத் தெரிந்துகொண்டால் போதாது. கடைசியாக அங்கே யாரை விலக்கினார்கள், அதற்கு எவ்வளவு சிறிய உத்தரவு போதுமானதாக இருந்தது, அன்று யார் தடுத்துக் கேட்டார்கள் என்ற மூன்றையும் விசாரிக்க வேண்டும்.